படத்தில் விழாத காசு

என் வீட்டுக்காரருக்கு லாரிதான் பிழைப்பு. சங்ககிரியில் வண்டி ஏறினால் திரும்பி வர மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம். வரும்போது குழந்தைக்கு ஒரு பொம்மை, எனக்கு ஒரு சேலை என்று எதையும் வாங்கி வரமாட்டார். சட்டைப் பையிலிருந்து சில்லறையைக் கொட்டுவார். பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து பிரித்தெடுத்த காந்தம் அவரிடம் இருந்தது. அதை எடுத்து ஒவ்வொரு காசாக ஒட்டிப் பார்ப்பார். சாப்பாடு ஆறிப்போய்க்கொண்டிருக்கும்.

"இங்க பாரு, இது பழைய நாலணா, ஒட்டுது. இது புதுசு. மூஞ்சி அதே சிங்க மூஞ்சிதான், ஒட்டமாட்டேங்குது. உள்ளார என்னத்தையோ மாத்தீட்டானுங்க."

எனக்கு எட்டாத ஊர்க்கதைகளை எல்லாம் விட்டுவிட்டு இந்த மனுசன் காசுக் கதை பேசுகிறாரே என்று எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். எழுபதுகளில் எங்கள் கண்ணெதிரிலேயே காசுகள் இளைத்துக்கொண்டு வந்தன. பத்துப் பைசா முதலில் வெள்ளையாக இருந்து, பிறகு பித்தளை நிறமாகி, கடைசியில் அலுமினியமாகிவிட்டது. அஞ்சு பைசாவும் அப்படியே. சதுரமாக, மூலைகள் மழுங்கி, கையில் வைத்திருப்பதே தெரியாத காசு. ஒரு பைசாவைத் தண்ணீர்க் குடத்தில் மெதுவாக வைத்தால் மிதக்கும். பெண்டுகள் அதை வைத்துச் சிரித்துக்கொள்வோம். நாலணா, எட்டணா, முழு ரூபாய் இவை மூன்றும்தான் காசு போலக் கனத்தன. இருபத்தைந்து பைசா என்று அச்சடித்து எத்தனையோ வருஷம் ஆகியும் எங்கள் பக்கம் அது நாலணாதான்.

பையன் பிறந்து மூன்றாம் மாதம் அவனுக்கு வயிற்றால் போய், காய்ச்சல் கண்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தான். என் மாமியார் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் ஒண்ணேகால் ரூபாய் முடிந்தார். குழந்தை தேறி ஒரு வயது ஆனதும் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, அந்தக் காசை உண்டியலில் போடுவது என்று வேண்டுதல். நான் கையிலிருந்த அலுமினியச் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

"சாமிக்கு முடியற காசு கனமா இருக்கோணும். காத்தடிச்சாப் பறக்கறத முடிஞ்சா சாமி என்ன நெனைக்கும்?"

வீட்டுக்காரர் காந்தத்தில் ஒட்டிய பழைய ரூபாய் ஒன்றையும் பழைய நாலணா ஒன்றையும் பொறுக்கிக் கொடுத்தார். அத்தை முடிந்து, தொட்டில் கயிற்றில் உயரமாகக் கட்டினார். அத்தை போடும் முடிச்சு ஊருக்கே தெரியும். கட்டுத்தறி மாடு இழுத்தாலும் அவிழாது. அவிழ்க்கவேண்டுமென்றால் பல் வேண்டும். பையன் நாலாம் நாள் பால் குடித்தான். இதெல்லாம் சாமி செய்ததா, டவுனில் வாங்கிய மருந்து செய்ததா என்று நான் கேட்கவில்லை. பிழைத்தானே, அது போதும் என்றிருந்தது.

ஆறாம் மாதம் அவன் தொப்புள் துருத்திக்கொண்டு நின்றது. அழும்போது நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கும். பக்கத்துக் காட்டுக்காரப் பெண் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கனமான காசு ஒண்ணு வெச்சு இறுக்கிக் கட்டு அம்முணி. ஒரு மாசத்துல உள்ள போயிரும். எங்கூட்டுப் பையனுக்கு அப்படித்தான் போச்சு."

அப்போது எங்கள் பக்கம் எல்லோரும் செய்ததுதான் அது. செய்யாத வீடு இல்லை. நான் பத்துப் பைசாவை வைத்துக் கட்டினேன். அலுமினியம், எடையே இல்லை, அமுக்கவில்லை. அதன் விளிம்பு பூப்போல வளைந்து வளைந்து இருக்குமே, அது மட்டும் குழந்தையின் தோலில் வட்டமாகப் பதிந்து சிவந்துபோயிற்று. வட்டமான, வழவழப்பான, கனமான காசு வேண்டும். வீட்டுக்காரர் வடக்கே எங்கோ இருந்தார். கடையில் சில்லறை கேட்டால் மிட்டாயைக் கொடுத்த காலம் அது. வீட்டில் கனமான காசு என்று இருந்தது தொட்டில் கயிற்றில் தொங்கியதுதான்.

அத்தை காட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். நாலணாவை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக இரண்டு பத்துப் பைசாவும் ஒரு அஞ்சு பைசாவும் வைத்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சாமிக்கு ஒரு பைசாகூட நான் குறைக்கவில்லை. அந்தப் பத்துப் பைசாக்களில் ஒன்று குடும்பக் காசு: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்று நாலு பேர் நிற்கிற படம். அளவான குடும்பத்துக்காக அரசாங்கம் அடித்துவிட்டது. நல்ல காசாகத்தான் வைத்திருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி முடிந்து கட்டினேன். என் முடிச்சு சாதாரண முடிச்சு.

சாமிக்கென்று முடிந்த காசில் கை வைப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. பஞ்சத்திலும் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் நான் எனக்காகவா எடுத்தேன்? அதே பிள்ளைக்குத்தானே எடுத்தேன்? ஒரு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தொப்புளுக்கு வைத்த நாலணாவை யாரும் பார்க்காதபடி துணிக்குள் மடித்துக் கட்டினேன். அத்தை கேட்டபோது பத்துப் பைசா என்று சொன்னேன். ஒரு மாதத்தில் இல்லை, மூன்று மாதத்தில் தொப்புள் உள்ளே போயிற்று. காசை அந்தத் துணியிலேயே சுற்றி என் தகரப் பெட்டிக்குள், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன். கோயிலுக்குப் போகிற அன்றைக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான். அதற்கு வேறு பேர் இல்லை.

ஒரு வயது ஆகியும் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் இல்லாமல் எப்படி மொட்டை போடுவது? இந்த லோடு, அடுத்த லோடு என்று தள்ளிக்கொண்டே போனது. பையன் பதினாலாம் மாதத்தில் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். அவன் கனத்துக்குக் கயிறு இறங்கி இறங்கி மஞ்சள் துணி அவன் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

ஐப்பசி. கடலைக்காய் பறித்துக் குவித்திருந்தோம். நான் வாசலில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். அத்தை கட்டுத்தறியில் இருந்தார். உள்ளே பையன் ஒரு மாதிரி சத்தம் போட்டான். இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. ஓடினேன். தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து கண்ணைப் பிதுக்கிக்கொண்டு இருந்தான். வாயிலிருந்து எச்சில் கயிறுபோல வழிந்தது. மஞ்சள் துணி அவிழ்ந்து மடியில் கிடந்தது. ரூபாய் துணியிலேயே இருந்தது. பத்துப் பைசா இரண்டும் தரையில் கிடந்தன. அஞ்சு பைசாவைக் காணோம்.

தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தேன். வாந்தி எடுத்தான், தண்ணீர்தான் வந்தது. கத்தினேன். அத்தை ஓடி வருகிற செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருஷத்தில் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த இரண்டு பத்துப் பைசாவையும் பொறுக்கி இடுப்பில் செருகினேன். பிள்ளைக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, நான் காசை மறைத்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று கேட்டால், இருந்தாள்.

அத்தை துணியைப் பார்த்தார், ரூபாயைப் பார்த்தார்.

"நாலணாவ முழுங்கீட்டான் சாமி."

"ஆமாங்கத்தெ," என்றேன்.

சிறிது நேரத்தில் பையன் அடங்கிவிட்டான். மூச்சு சீராயிற்று. வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தோம், துப்பினான். சோற்றை உருட்டிக் கொடுத்தோம், துப்பினான். பால் மட்டும் இறங்கியது. பெரியவர்கள் எல்லாம் சொன்னார்கள், காசு முழுங்காத குழந்தை உண்டா, ரெண்டு நாளில் வெளியே வந்துவிடும் என்று. அத்தை குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கிளறிப் பார்த்தார். மூக்கைக்கூட மூடிக்கொள்ளவில்லை. வரவில்லை.

மூன்றாம் நாள் டவுனுக்கு பஸ் ஏறினோம். எக்ஸ்ரே மிஷின் வைத்திருந்த டாக்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனுசர், அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதலில் அவர் கேட்ட கேள்வியே அதுதான்.

"எந்தக் காசு?"

"நாலணாங்க," என்றார் அத்தை.

"நீதானம்மா கிட்ட இருந்த? நீ பாத்தியா? நாலணாதானா?"

"ஆமாங்க," என்றேன்.

எந்தக் காசாக இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்தால் படத்தில் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் ஏன் கேட்கிறார் என்று யோசித்திருக்கலாம். வேண்டாத கேள்வியா கேட்பார் ஒரு டாக்டர்? யோசிக்கவில்லை. அத்தை பக்கத்தில் நிற்கும்போது வாயைத் திறந்து "அஞ்சு பைசா" என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பது மட்டும்தான் என் தலையில் ஓடியது.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். சின்னச் சின்ன விலா எலும்புகள். மீன் முள் போல இருந்தன.

"கால் ரூபாய் கெட்டியான உலோகம்மா. உள்ள இருந்தா நிலா மாதிரி வெள்ளையா, வட்டமா தெரியும். பாருங்க, எங்கயும் இல்ல. எப்பவோ வெளிய போயிருக்கு, நீங்க கவனிக்கல. தொண்டை கீறியிருக்கும், அதனாலதான் சாப்பிட மாட்டேங்கறான். சரியாயிரும்."

அத்தை வெளியே வந்து தெரு என்றும் பாராமல் அழுதார். சந்தோஷ அழுகை. குலதெய்வத்தின் பேரைச் சொல்லிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பஸ்ஸில் வரும்போது, காசு போய்விட்டதே, இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும் என்று என் மனசு லேசாகிப் போனது.

பையன் பால் மட்டும் குடித்தான். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்றார்கள். இருமினான், மழைச் சளி என்றார்கள். இளைத்தான், கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். காய்ச்சல் வந்து வந்து போயிற்று. அஞ்சு பைசா தொண்டைக்குக் கீழே சதுரமாக உட்கார்ந்துகொண்டு இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் மிளகாய் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இருபது நாள் கழித்து வீட்டுக்காரர் வந்தார். கொட்டுவதற்குச் சில்லறையை எடுத்தவர் பையனைப் பார்த்துவிட்டு அப்படியே கையை மூடிக்கொண்டார். "கெளம்பு" என்றார். லாரியிலேயே சேலத்துக்குப் போனோம். நான் மடியில் பையனை வைத்துக்கொண்டு முன்னால், அத்தை எனக்குப் பக்கத்தில். சங்ககிரி மலை தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்று விட்டுவிட்டேன். சாக்குச் சொல்ல எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

அங்கே இருந்த குழந்தை டாக்டர் பையனைப் பக்கவாட்டில் திருப்பிப் படம் எடுக்கச் சொன்னார். ஈரமான படத்தை விளக்கில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் ஒரு கோட்டைக் காட்டினார். முடி அளவுக்கு மெல்லிய கோடு. காட்டாமல் போனால் யாருக்கும் தெரியாது.

"காசு உள்ளதான் இருக்கு. இது நாலணா இல்ல. அலுமினியம். அலுமினியம் எக்ஸ்ரேயில சரியா விழாது, நேரா எடுத்தா முதுகெலும்போட மறைஞ்சிரும். அலுமினியக் காசுன்னு முதல்லயே சொல்லியிருந்தா டவுன் டாக்டர் பக்கவாட்டுல எடுத்துப் பாத்திருப்பாரே. நாலணான்னு சொன்னது யாரு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிமெண்ட்டுத் தரை. அதில் ஒரு விரிசல் இருந்தது.

"நாந்தாஞ் சொன்னேனுங்க," என்றார் அத்தை.

குழாய் விட்டு அன்றைக்கே எடுத்தார்கள். ஆனால் காசின் மூலை உட்கார்ந்திருந்த இடம் அரித்து ஓட்டையாகி, நெஞ்சுக்குள் சீழ் கட்டியிருந்தது. நாலு நாள் இருந்தான். நாலாம் நாள் காலையில், பால் நேரத்தில், போய்விட்டான். நர்ஸ் காசைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். கறுத்து, விளிம்பெல்லாம் பொடிப்பொடியாக அரிபட்டிருந்தது. உடம்பு அதைத் தின்றிருந்தது, அது உடம்பைத் தின்றிருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அதை நான் பார்க்கவில்லை. அதே லாரியில், அதே இடத்தில் உட்கார்ந்து, பையனை அதே மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

வீட்டு வாசலில் வைத்துத்தான் அவர் தன் தாயைக் கேட்டார். சனமெல்லாம் இருந்தது.

"அவன் அஞ்சு பைசா முழுங்குனதுக்கு நாலணான்னு சொல்லிருக்கறயே, உனக்கு யாரு சொன்னா? கண்ணுல பாத்தியா நீ?"

"பாக்கல சாமி. துணியில நாலணாவக் காணம், அதனால சொல்லீட்டேன். கீழ கெடந்த காசு எதையோ முழுங்கிருக்கறான். எம் புத்திதான் மழுங்கிப் போச்சு."

"அப்ப நாலணா எங்க போச்சு?"

"தெரியல சாமி."

தெரிந்தவள் பக்கத்தில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் அழுகை பொய்யில்லை. ஆனால் அந்த அழுகைக்குள் ஒளிந்துகொண்டேன், அதுவும் பொய்யில்லை.

அன்றிலிருந்து அவர் தன் தாயிடம் பேசவில்லை. சண்டை இல்லை, திட்டு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால், அத்தை சொம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், என்னைத்தான் கூப்பிடுவார். அத்தை எடுத்து நீட்டினால் பார்க்காதவர்போல இருப்பார். நான் வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். ஊரில், உறவில், கல்யாண வீடுகளில் பந்திக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள், ஒரு சொல்லால் பேரனைக் கொன்றவள் என்று. அத்தையின் காதுபடவே பேசினார்கள். வெறும் வாயை மெல்லுகிற சனத்துக்கு அவல் கிடைத்தால் விடுமா? அந்த அவலை இடித்துக் கொடுத்தவள் நான். முதல் வாரத்தில் சொல்லியிருக்கலாம், முதல் மாதத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் ஆனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதே தனிக் குற்றமாகிவிட்டது. இப்படியே வளர்ந்துகொண்டு போனது.

காரியம் முடிந்து சில நாளில் அத்தை குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்து என் தகரப் பெட்டியில் வைத்தார். என்னால் அவற்றைத் தொட முடியவில்லை. அவராகவே செய்தார். அதற்கும் பத்து நாள் கழித்து, நாலணாவை எடுத்து எங்காவது கிணற்றில் போட்டுவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். தொப்புள் கட்டிய துணி இருந்தது. நாலணா இல்லை.

துணியை உதறி, பெட்டி முழுக்கத் துழாவினேன். வீட்டுக்காரர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு லோடு முடிந்து அவர் வரும்போதும் இன்றைக்குக் கேட்பார், இன்றைக்குக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அத்தை எடுத்திருப்பாரோ என்று ஒரு நாள் தோன்றியது. எடுத்திருந்தால், இத்தனை பழியைச் சுமந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பாரா? இருக்கமாட்டார் என்று முடிவு கட்டினேன். எலியோ, எவளோ எடுத்துப் போயிருக்கும் என்று விட்டேன்.

பெண் பிறந்தாள். அத்தைதான் குளிப்பாட்டி வளர்த்தார். அவள் முன்னால் ஒரு காசைக்கூட நாங்கள் கீழே வைத்ததில்லை. குழந்தைகள் ஆண்டு என்று சொல்லி அரசாங்கம் அலுமினியத்தில் குழந்தைப் படம் போட்டுக் காசு அடித்தது. கண்டக்டர் ஒரு நாள் அதை என் கையில் கொடுத்தார். இறங்கினதும் பூக்காரியிடம் கொடுத்துவிட்டு, பூவை வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்காரரும் காந்தத்தைத் தொடுவதில்லை. அது அலமாரிக்குப் பின்னால் ஆணி ஒட்டிக் கிடந்தது.

எண்பதுகளின் கடைசியில் புதுச் சில்லறை வந்தது. எவர்சில்வர் நாலணா, காண்டாமிருகப் படத்தோடு. மகள் அதைக் கொண்டுவந்து அத்தை கையில் வைத்தாள். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தார்.

"கரண்டியாட்ட இருக்குது சாமி. பழைய நாலணா இப்படி இருக்காது," என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் அத்தை போனார். ரெண்டு நாள் படுக்கை, மூன்றாம் நாள் மத்தியானம். குளிப்பாட்டிக் கிடத்தி, திருநீறு பூசி, நெற்றிக்காசு வைக்க வேண்டும். யாரோ புதுக் காசை நீட்டினார்கள். உறவில் ஒரு கிழவி, "பழைய ரூவாயாப் பாருங்க, அதோட பொட்டியில இருக்கும்," என்றாள்.

வீட்டுக்காரர் தன் தாயின் பெட்டியைத் திறந்தார். வெற்றிலைப் பை, தைலப் புட்டி, பழைய சேலை இரண்டு. அடியில் அந்த மஞ்சள் துணி. வெளுத்துப் போயிருந்தது. அத்தையின் முடிச்சு. விரலால் அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். ரூபாய் இருந்தது. அதன்மேல் நாலணா இருந்தது. அவர் பொறுக்கிக் கொடுத்த அதே பழைய நாலணா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குழந்தைத் துணிகளை வைக்கும்போது அத்தை பார்த்திருக்கிறார். பார்த்து, எல்லாம் புரிந்து, அதை எடுத்து, இருந்த இடத்திலேயே இருந்ததுபோல முடிந்து வைத்துவிட்டார். தன் மகன் கண்ணில் அது என் பெட்டியில் படக்கூடாது என்பதற்காக. எனக்குத் தெரியட்டும் என்றுகூட நினைக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு விளங்கியது வேறு. கையிலிருந்த காசைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாயைக் கையால் காட்டினார்.

"இதுகிட்டயேதான் இருந்திருக்குது. தாங் கையிலயே வெச்சுக்கிட்டு, முழுங்கீட்டான்னு சொல்லிருக்குது. டாக்டருகிட்டப் போயும் சொல்லிருக்குது."

கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். கூடியிருந்த பெண்கள் ஒப்பாரிப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அவர் துணியைப் பாடைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"நாங் கொள்ளி வெக்கமாட்டன். யாராச்சும் வெச்சுக்குங்க."

பங்காளிகள் கையைப் பிடித்தார்கள். உதறினார். பறை அடித்தவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். ஒற்றை மகன் கொள்ளி வைக்கமாட்டேன் என்று போனால் அந்த உடம்பு யாருக்குக் கிடக்கும்? அவர் வேலி தாண்டிக்கொண்டிருந்தார். சாக்கு ஏதாவது கிடைக்குமா என்று என் மனசு அப்போதும் தேடியது. கிடைக்கவில்லை.

"அது எம்பொட்டியில இருந்துதுங்க," என்றேன்.

சத்தம் போதவில்லை. வாசலுக்கு ஓடி மறுபடியும் சொன்னேன். அவர் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். தொப்புள், நாலணா, பத்துப் பைசா ரெண்டு, அஞ்சு பைசா ஒண்ணு, இடுப்பில் செருகியது, டாக்டரிடம் ஆமாங்க என்றது. சனம் முழுக்க நின்று கேட்டது. அவர் நான் சொல்லி முடித்ததும் திரும்பி உள்ளே போனார். தாயின் கால்மாட்டில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சந்தனத்தைத் தொட்டு ரூபாயைத் தாயின் நெற்றியில் ஒட்டினார். நாலணாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, "அம்மா" என்று ஒரு முறை கூப்பிட்டார். கொள்ளியும் வைத்தார்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சொம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுத்து நீட்டினேன். அவர் பார்க்காதவர்போல இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.